பெயர் கொடுத்தவர்கள் பதினேழு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, கௌசல்யா வாங்கின் நுனியில் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்தில் சொன்னது இது. சொல்லும்போது இரண்டு தடவை சிரித்தாள், ஒரு தடவை அழுதாள். நான் வீட்டுக்கு வந்து அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அன்று எல்லாரும் கஞ்சிதான் குடித்தோம். ஒரு கதை இப்படிக் கையைப் பிடித்து இழுத்துப் பல வருடம் ஆகிறது எனக்கு. இப்போதும் எழுத்து கோணல்மாணலாகத்தான் விழுகிறது. சந்தோஷம் வந்தால் என் கையெழுத்து அப்படித்தான்.

எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். ஒரு நிபந்தனை சொன்னாள்.

"எழுதுங்க ரீச்சர். ஆனா அப்பாவ தெய்வமாக்கவும் வேணாம், பாவப்பட்ட மனுசனாக்கவும் வேணாம். அவர் சும்மா ஒரு அப்பா."

அதை நான் மீறுகிற இடத்தில் நீங்கள் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இனி, ஆட்கள். நான் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு பங்குக் கோவிலில், கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வர விரும்புகிற பெரியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுப்பவள். இந்த வருடம் ஐந்து பேர். கௌசல்யா அவர்களில் ஒருத்தி. இருபத்தேழு வயது. பிறப்பால் லூத்தரன், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த புரட்டஸ்தாந்து சபைகளில் ஒன்று. தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தகப்பன் பேதுரு புத்தளத்து உப்பளத்துக்கு வேலைக்கு இறங்கியபோது, பதின்மூன்று வயதில் அவரோடு கீழே வந்தவள். தாய் இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் நிலுக்சன் என்ற மீன்பிடிக்காரனைக் கலியாணம் செய்து எங்கள் ஊருக்கு வந்தாள்.

'அப்ப புருசனுக்காக மாறுறாள்' என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கேட்டபோது இல்லை என்றாள். போன வருடம் மாமியார் றோசமேரி கிணற்றடியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு இரண்டு மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் பங்குச் சுவாமி மோட்டார் சைக்கிளில், சட்டைப் பைக்குள் சின்னப் பெட்டியில் நன்மை, அதாவது பூசையில் ஆண்டவருடைய உடலாகத் தரும் அப்பம், கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். கௌசல்யா மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். "ஆண்டவர் கால் முறிஞ்ச ஆளத் தேடி வீட்டுக்கு வாறார் எண்டது எனக்குப் புதுசா இருந்திச்சு ரீச்சர்" என்றாள். அதற்குப் பிறகுதான் வகுப்புக்குப் பெயர் எழுதினாள். அவளை ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில் சபைக்குள் ஏற்கிறோம். அன்றுதான் அவளுக்கு முதல் நன்மை. தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வருகிறாள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "அன்று காலை கடல் கண்ணாடி போலக் கிடந்தது. கௌசல்யா கரையில் நின்று தூரத்தை நோக்கி…"

இதை விட்டுவிட்டேன். கௌசல்யா கடலைப் பார்ப்பதில்லை. மலையில் வளர்ந்த பிள்ளை. கடலுக்கு நூறு அடி தள்ளிக் குடியிருந்தும் இன்னும் முழங்காலுக்கு மேல் நனையாதவள். நிலுக்சன் படகைத் தள்ளும் நேரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவுவாள்.

இரண்டாவது: "ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர் ஜெர்மன் தேசத்தில் ஒரு துறவி…"

இதையும் விட்டேன். லூத்தரன் சபைக்கு வித்திட்ட அந்தத் துறவியை றோசமேரிக்குத் தெரியாது. பேதுருவுக்கும் சுவரில் தொங்கும் படத்தைத் தாண்டி அதிகம் தெரியாது. இந்தச் சின்னக் கதையின் தலையில் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றினால் அது, கதை நடக்கிற பாலாவிச் சந்தி வரைக்கும்கூட நடக்காது.

மூன்றாவது தொடக்கம் ஓர் அறிவித்தல். கதை இதில்தான் ஆரம்பிக்கிறது என்று எழுதிய உடனே தெரிந்துவிட்டது:

"இராப்போஜனத்தில் பங்குபெற விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் பெயர் கொடுக்கவும்."

3

பாலாவிக்குப் பக்கத்தில், உப்பளத்துக்குப் போகும் ஒழுங்கையில், ஓட்டுக் கூரை போட்ட ஒரு மண்டபம் இருக்கிறது. மலைநாட்டிலிருந்து இறங்கிவந்த ஒரு கைப்பிடி லூத்தரன் குடும்பங்கள் அங்கே ஆராதனைக்குக் கூடுகின்றன. போதகர் மாதம் ஒருமுறை மலையிலிருந்து பஸ்ஸில் வருவார். அந்த ஞாயிறுதான் இராப்போஜனம், நாங்கள் நன்மை என்று சொல்வது.*

பங்குபெறுகிறவர்கள் முதல் நாளே பெயர் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒருவன் மனத்தாங்கலோடு வருகிறானா, யாரோடாவது பேசாமல் இருக்கிறானா என்று விசாரித்துத் தேற்றுவதற்காக ஏற்பட்ட பழைய ஏற்பாடு. இன்று விசாரணை இல்லை. பெயர்கள் மட்டும் மிச்சம். எத்தனை பெயரோ அத்தனை அப்பம் தட்டில் வைக்கப்படும். மெல்லிய, வெள்ளை, வட்ட அப்பம். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆராதனை முடியும்போது தட்டு வெறுமையாக இருக்க வேண்டும்.

பதினான்கு வருடமாகப் பெயர் எழுதுகிறவர் பேதுரு. பகலெல்லாம் உப்பு வாரிய கையைக் கழுவித் துடைத்து, கோடு போட்ட கொப்பித் தாளில் நேர்த்தியாக எழுதிக் கதவில் ஒட்டுவார். தன் வீட்டுப் பெயர்களை யாரிடமும் கேட்டு எழுதுவதில்லை. வீடென்றால் அவர், மகள். இரண்டே பெயர். மகள் கலியாணமாகிப் போன பிறகும், அவள் வருகிற ஞாயிறுகளில் அப்படித்தான்.

இந்தப் பங்குனியில் அவருக்கு ஒரு பெரிய நாள் வந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு போதகர் அவர் தலையில் கைவைத்து அவரை அந்தச் சபையின் உபதேசியாராக ஏற்படுத்துவதாக இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவர் அங்கி உடுத்து, போதகருக்குப் பின்னால் திராட்சை ரசக் கிண்ணம் ஏந்தி வருவார். மகள் வராமல் இருப்பாளா?

[* சொற்கள் வேறு வேறு. அவர்கள் ஆராதனை என்பதை நாங்கள் பூசை என்போம். அவர்கள் இப்போது லெந்து நாட்கள் என்கிறார்கள், நாங்கள் தவக்காலம். இரண்டு வீட்டிலும் இந்த நாட்களில் இறைச்சிக் கறி இல்லை.]

4

முதல் பிரதியில் இந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "போகலாமா என்று அவள் ஒருவரிடம் கேட்டாள். போகலாம், ஆனால் அங்கே நன்மை எடுக்கக் கூடாது என்று அவர் சொன்னார்."

அந்த 'ஒருவர்' நான்தான். வெட்கத்தில் மறைத்தேன்.

சனிக்கிழமை வகுப்பில் கை உயர்த்திக் கேட்டாள். நான் கரும்பலகையை அழித்துக்கொண்டே பதில் சொன்னேன். போ, பாடு, செபி, வாழ்த்திவிட்டு வா. அவர்களுடைய மேசையில் மட்டும் பங்கெடுக்காதே. இரண்டு சபைக்கும் நடுவில் அந்த ஒற்றுமை இன்னும் வரவில்லை. வந்தது போலக் காட்டினால் அது உண்மையாக இராது. அவர்கள் வரிசையில் போகும்போது நீயும் போகலாம். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்துத் தலை குனிந்தால் அது 'ஆசீர்வாதம் மட்டும் தாருங்கள்' என்று அர்த்தம்.

சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் கிண்ணத்தைப் பிடிக்கப்போவது யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

5

நிலுக்சன் தானும் வருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்றாள். மருமகன் வந்தால் அப்பா அன்றைக்குத் தன்னுடைய நாள் என்பதை மறந்து, கதிரை துடைக்கவும் சோடா வாங்கவும் ஓடுவார் என்று அவளுக்குத் தெரியும். றோசமேரி விடிய எழும்பி ஒரு பெட்டி நிறையப் பலகாரம் கட்டித் தந்தார். "கொப்பர் சாமியாகிற நாளில வெறுங்கையோட போறதா?" என்றாராம். சாமியில்லை மாமி, உபதேசியார் என்று கௌசல்யா திருத்தியதற்கு, "எல்லாம் ஒண்டுதான், வெள்ளை உடுப்புத்தானே" என்று பதில் வந்திருக்கிறது.

பஸ்ஸில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு பெரிய நாள். இந்த ஞாயிறு அப்பாவுக்கு, இன்னும் இரண்டு ஞாயிறில் தனக்கு. தலவிலத் திருப்பம் கழிந்தபோது வாய்க்குள் பாடத் தொடங்கியிருந்தாள். அது எந்தக் கோவில் பாட்டு என்று அவளுக்கே தெரியவில்லை.

பாலாவிச் சந்தியில் மக்பூல் நானாவின் முச்சக்கரவண்டி நின்றது. மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில் சின்னப் பிள்ளையாக வந்து இங்கேயே வளர்ந்த மனிதர். பேதுருவோடு உப்பளத்தில் சில வருடம் வேலை செய்தவர். இப்போது வாடகை ஓட்டுகிறார். அவளை ஏற்றிக்கொண்டு, உங்கள் வாப்பா பெரிய ஆளாகிறார், இனி நாங்கள் எழும்பி நிற்க வேண்டுமா என்று பகிடி விட்டார். வழியில் அவள் தன் விசயத்தையும் சொன்னாள். ஈஸ்டருக்குப் புருசன் வீட்டார் கோவிலில் சேரப்போவதைச் சொன்னாள். அவர் ஒரு குழியைச் சுற்றி வண்டியை வளைத்துக்கொண்டு சொன்னார்:

"ரூட்டு ஒண்டுதானே தங்கச்சி. பஸ் மாறுறீங்க. மாறுற ஹோல்ட்டில மட்டும் கவனமா இறங்கோணும்."

(இந்த வாக்கியத்தை மூன்று தடவை வெட்டினேன். கதையில் வருகிற ஆட்கள் இவ்வளவு பொருத்தமாகப் பேசினால் வாசகர் நம்ப மாட்டார். ஆனால் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்கள் எங்கும் இப்படித்தான் பேசுகிறார்கள். வைத்துவிட்டேன்.)

மண்டபத்து வாசலில் இறங்கினாள். கதவில் தாள் ஒட்டியிருந்தது. மேலே 'பெயர் கொடுத்தவர்கள்: 17' என்று அடிக்கோடு. அப்பாவின் கையெழுத்து. முதலாவது, பே. பேதுரு. இரண்டாவது, பே. கௌசல்யா.

6

இந்த இடத்தில் நான் என் கதாபாத்திரத்தைச் சந்தேகித்தேன். உண்மையைச் சொன்னால், கோபப்பட்டேன்.

ஆராதனை தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அப்பா பத்தடி தூரத்தில், பக்கத்து அறையில். போய், "அப்பா, என் பெயரை வெட்டுங்கள்" என்று சொன்னால் காரியம் முடிந்தது. பதினாறு அப்பம் வைப்பார்கள், யாருக்கும் கேடில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லாத ஒருத்தியை வைத்து நான் எப்படிக் கதை எழுதுவது? ஏன் சொல்லேல்ல என்று கேட்டுவிட்டேன், ரீச்சர் குரலிலேயே.

"போனன் ரீச்சர்" என்றாள்.

போயிருக்கிறாள். அறைக்குள் பேதுரு இரவல் அங்கியில் நின்றிருந்தார். மலையில் ஓர் உயரமான உபதேசியாருடைய அங்கி அது. அப்பாவுக்கு ஒரு சாண் நீளம். நடந்தால் மிதிபடும். குனிந்து பார்த்தபடி, ஒரு கையால் தூக்கிப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அங்கி விழுந்து காலை மூடியது.

"எப்புடி புள்ள இருக்கேன்?"

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

"கிண்டல் பண்ணாத. கிண்ணத்த ரெண்டு கையால புடிக்கணும், இத எந்தக் கையால தூக்குறது? அதான் ராவெல்லாம் யோசன."

அவள் தன் சேலைத் தலைப்பில் இருந்த சட்டை ஊசியைக் கழற்றினாள். முழங்கால் போட்டு, அங்கியின் ஓரத்தை உள்ளே மடித்துக் குத்தினாள். ஒன்று போதவில்லை. இன்னொன்றைப் போதகரின் பையிலிருந்து தேடி எடுத்தாள். தலை குனிந்து ஊசி குத்தும்போதே சொல்லிவிட நினைத்தாள். ஏனென்றால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்போது மேலிருந்து அவர் சொன்னார்:

"மொதல் மொதலா கிண்ணம் குடுக்குறப்ப கை நடுங்குமாம். போதகர் சொன்னாரு. ஒம் பக்கம் வர்ற வரைக்கும் சமாளிச்சிட்டேன்னா, அப்புறம் நடுங்காது."

அவள் எழுந்து அங்கியின் தோள் மடிப்பைச் சரிசெய்தாள். மணி அடித்தது.

'ஓ' என்றேன் நான். என் கோபத்தை மடித்து எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

7

ஆராதனையைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். சுருக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அவள் பாடினாள். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடினாள். எல்லாம் நெஞ்சில் இருந்தவை. தாய் சமைக்கும்போது பாடியவை, தோட்டத்தில் மழை பெய்யும்போது பாடியவை. முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பாடினாள். தான் எதையும் விட்டுப் போவதாக அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவையும் கொண்டுபோகலாம், பாரமே இல்லை என்று தோன்றியது. போதகர் அப்பாவின் தலையில் கை வைத்தபோது, உப்புத் தண்ணீரில் வெடித்த அந்தக் குதிக்கால்கள் அங்கிக்குக் கீழே சேர்ந்து நிற்பதைப் பார்த்தாள். 'கர்த்தருடைய உதவியினால் செய்வேன்' என்று அவர் சொன்னது கடைசி வாங்குவரை கேட்டது. கைதட்டிவிடுவேனோ என்று பயந்தாளாம்.

பிறகு தட்டில் இருந்த துணி விலகியது. பதினேழு.

8

கதை சொல்லிக்கொண்டு வந்த கௌசல்யா இங்கே நிறுத்தினாள். தண்ணீர் கேட்டாள். நான் எடுத்துக்கொண்டு வந்த அரை நிமிடத்தில் என் மனதுக்குள் முடிவுகள் ஓடின.

அவள் எடுத்திருப்பாள். அப்பாவின் கை நடுங்கக் கூடாது என்பதற்காக எடுத்திருப்பாள். பிறகு என்னிடம் வந்து அழுகிறாள். இது அன்பான முடிவு. நான் எழுத விரும்பிய முடிவு. ஆனால் அவளை அது பொய்யாக்கும். ஈஸ்டரை எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளைக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

அல்லது, அவள் வாங்கிலேயே இருந்திருப்பாள். சட்டப்படி சரி. பேதுரு காலியான இடத்தைப் பார்த்து… வேண்டாம். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இரண்டும் இல்லை.

இரண்டாவது வரிசையோடு அவள் எழும்பினாள். பீடத்து அடியில் முழங்காலிட்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே இறுக்கி வைத்துத் தலை குனிந்தாள். போதகர் அப்பத்தோடு வந்து நின்றார். அவர் அந்தச் சைகையை வாழ்க்கையில் கண்டதில்லை. அந்த மண்டபத்தில் ஒருவரும் கண்டதில்லை.

நான் எவ்வளவு பெரிய மடைத்தனம் செய்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மலையில் பிறந்த சனத்துக்கு, நெஞ்சோடு கையைக் குறுக்கே இறுக்கி ஒருத்தி குனிந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். குளிருகிறது. புத்தளத்தில், பங்குனி மாதம், காலை பத்தரை மணிக்குக் குளிருகிறதென்றால் அது காய்ச்சல்.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த லேயாள் அக்கா, உப்பளத்தில் பேதுருவோடு வேலை செய்கிறவர், கை நீட்டி அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சலா புள்ள?"

கௌசல்யா தலையசைத்தாள். இல்லை என்றுதான். ஆனால் குனிந்த தலையை அசைத்தால் எது ஆம், எது இல்லை என்று யாருக்குத் தெரியும்? லேயாள் அக்கா தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். மலையை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் சால்வை இல்லாமல் கோவிலுக்கு வராத மனுசி. "காய்ச்சலோட வந்திருக்குங்க" என்று போதகருக்குச் சொன்னார். போதகருடைய முகம் தெளிந்தது. அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அவள் தலையில் கை வைத்து, சுகம் தரும்படி நீளமாக, மனமுருகி ஜெபித்தார்.

அவள் கேட்டது ஆசீர்வாதம். அது கிடைத்தது. இல்லாத காய்ச்சலுக்காகக் கிடைத்தது.

சால்வைக்குள் வேர்த்து ஊற்றியது. சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தாள். அப்போது ஊசி குத்திய அங்கியின் ஓரம் அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

தலை நிமிர்ந்தாள். பேதுரு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தாயில்லாத பிள்ளையைக் காய்ச்சலில் எத்தனையோ இரவு மடியில் போட்டிருந்த மனிதர். இது காய்ச்சல் இல்லை என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்பா, நான் எடுக்கல்ல" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

கிண்ணம் ஒருதரம் ஆடியது. உள்ளே இருந்தது விளிம்பைத் தொட்டு இறங்கியது. சிந்தவில்லை.

"சரி புள்ள" என்றார். அடுத்ததாக இருந்த லேயாள் அக்காவிடம் போனார்.

எல்லாரும் எடுத்து முடித்தபோது தட்டில் ஒன்று இருந்தது. அந்தச் சபையில் இதற்கு முன் அப்படி இருந்ததில்லை. மண்டபம் முழுவதும் அதைப் பார்த்தது. போதகர் தட்டைப் புதிய உபதேசியாரிடம் நீட்டினார். எதுவும் மிஞ்சக் கூடாது என்பது ஒழுங்கு. பேதுரு மகளுடைய பங்கை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக உண்டார்.

(நிபந்தனையை இந்த இடத்தில் மீறிவிட்டேனோ? 'மெதுவாக' என்ற சொல்லை எடுத்துவிடட்டுமா? கௌசல்யா அப்படித்தான் சொன்னாள். கோடு போடுகிறவர்கள் இந்தச் சொல்லின் கீழ் போடலாம்.)

9

சாப்பாடு மண்டபத்திலேயே. றோசமேரியின் பலகாரப் பெட்டி கை மாறி மாறிப் போய் ஒரு சுற்றிலேயே காலியாகியது. கௌசல்யா முதலில் லேயாள் அக்காவிடம் போய், சால்வையை மடித்துக் கொடுத்து, உண்மையைச் சொன்னாள். பொய்யோடு சோறு இறங்கவில்லையாம். லேயாள் அக்கா வாயில் சோற்றோடு யோசித்தார்.

"அப்ப போதகர் அம்புட்டு நேரம் ஜெபிச்சது?"

"மன்னிச்சிருங்க அக்கா."

"என்னத்த மன்னிக்கிற. ஊருல யாருக்காச்சும் காய்ச்சல் இருக்கும். அவுங்களுக்குப் போயிருக்கும்."

பிறகு அப்பா. அவர் அங்கியைக் கழற்றிவிட்டு, பின்பக்கக் குழாயடியில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் துடைக்கத் துணியோடு போய் நின்றாள். பிறகு அவர்தான் ஆரம்பித்தார். கேட்டு எழுதியிருக்க வேண்டும், கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்றார். அவள், சொல்லத்தான் வந்தேன், ஊசி குத்தும்போது வாய் வரவில்லை என்றாள். அவள் எங்கள் வகுப்புக்கு வருவது அவருக்கு முன்பே தெரியும். எப்போது அங்கே சேர்கிறாய் என்று கேட்டார். ஈஸ்டர் ஞாயிறு, காலைப் பூசை என்றாள். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து நீர் வடியவிட்டார்.

"அங்க யாருகிட்ட பேரு குடுக்கணும்?"

"பேர் குடுக்கிறதில்ல அப்பா."

"அப்ப எத்தன பேருன்னு எப்புடித் தெரியும்?"

"தெரியாது. சும்மா கூடத்தான் வைப்பாங்க."

"மிஞ்சிருச்சுன்னா?"

"பேழைக்குள்ள வச்சுப் பூட்டுவாங்க. வருத்தக்காரங்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவாங்க. மாமிக்குக் கால் முறிஞ்சப்ப அப்பிடித்தான் வந்தது."

பேதுரு இதை யோசித்தார். பதினான்கு வருடம் பெயரை எண்ணி எழுதிய மனிதர்.

"அப்ப அங்க ஒண்ணு மிஞ்சிப் போனா யாரும் தலகுனிய வேண்டியதில்ல" என்றார்.

கௌசல்யா என்னிடம் சொல்லும்போது அழுதது இந்த இடத்தில்; அன்று குழாயடியிலும் இங்கேதான் அழுதிருக்கிறாள். இப்போது ஞாபகம் வருகிறது.

அவர் துணியை வாங்கி அவள் முகத்தைத் துடைக்கப் பார்த்து, அது கிண்ணம் துடைக்கும் துணி என்று நினைவு வந்து, தன் சட்டை நுனியால் துடைத்தார். "நானும் வாரேன். நீ இங்க வந்து இருந்தல்ல? நான் அங்க வந்து ஒம் பக்கத்துல நிப்பேன். நீ எடுக்குறப்ப நானும் எடுக்குறேன்" என்றார்.

10

நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவர் எடுக்க முடியாது. அவள் அவருடைய மேசையில் எடுக்க முடியாததற்கு என்ன காரணமோ, அதே காரணம். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. குழாயடியில் நின்று, இரண்டாவது தடவையாக, வாய் வரவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ரீச்சர், அவருக்கு நீங்க சொல்லுவீங்களா?"

சொல்லுகிறேன் என்றேன். நான் ரீச்சர். சொல்வது என் வேலை. அப்பாவின் இலக்கத்தை என் கொப்பியின் பின்னட்டையில் எழுதித் தந்தாள்.

செவ்வாய்க்கிழமை எடுத்தேன். கௌசல்யாவுக்குப் படிப்பிக்கிற ரீச்சர் என்று சொன்னதும் மறுமுனையில் அப்படி ஒரு சந்தோஷம். தன் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி சொன்னார். சட்டை தோய்த்து வைத்திருக்கிறாராம். லேயாள் அக்காவும் வருகிறாராம். மக்பூல் நானா இருவரையும் பாலாவியிலிருந்து தன் வண்டியிலேயே கூட்டிவருகிறேன், அந்தப் பிள்ளை சரியான ஹோல்ட்டில் இறங்குகிறதா என்று தானும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பிறகு கேட்டார்: "ரீச்சரம்மா, அங்க முழங்கால் போடுறதா, நின்னுக்கிட்டா? தெரியாம ஏதும் பிசகிட்டா புள்ளைக்கு அவமானம்."

நான் வாயைத் திறந்தேன். கரும்பலகையை அழித்துக்கொண்டே பத்து விநாடியில் சொன்ன அதே விசயம். எல்லாம் தெளிவாக, ஒழுங்காக, நாக்கு நுனியில் இருந்தது.

"வாங்க" என்றேன். "என்ர பக்கத்தில இடம் வச்சிருக்கிறன்."

அவ்வளவுதான். பத்து நிமிடம் பேசினோம். அதைச் சொல்லவில்லை. ஆறாம் பகுதியில் ஒருத்தியின் மேல் கோபப்பட்டேன் அல்லவா, அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்றைக்குப் பெரிய வியாழன். இதை எழுதும்போது ஞாயிறு இன்னும் வரவில்லை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நடக்காத ஒன்றை எழுதும் துணிவு எனக்கு மற்றக் கதைகளில் உண்டு. இதில் இல்லை. மூன்று வரி எழுதி மூன்றையும் விட்டேன்:

"வரிசை எழும்பியபோது பேதுருவும் எழும்பினார். நான் அவருடைய கையை…"

"நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதும் பேதுரு புன்னகைத்து…"

"சுவாமியிடம் முதலே சொல்லிவைத்தேன், அவர் பேதுருவைக் கண்டதும்…"

சட்டம் எனக்குத் தெரியும். அதை நான் நம்புகிறேன். அதை மீறச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. கேட்பது வேறு. தோய்த்த சட்டையோடு நாற்பது கிலோமீற்றர் வந்து, தன் மகள் தலைகுனியக் கூடாது என்று முழங்காலைப் பற்றிக் கேட்கிற ஒருவரிடம் அதை எந்தச் சொல்லில் சொல்வது? எனக்குக் கிடைத்த எல்லாச் சொல்லும் கரும்பலகைச் சொல். உங்களிடம் இதைவிட மெதுவான ஒன்று இருக்கும். இல்லாமலா இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்கள்?

பூசை ஏழு மணிக்கு. இடப்பக்கம் மூன்றாவது வாங்கு. கௌசல்யா வெள்ளைச் சேலை கட்டியிருப்பாள். அவளைப் பார்த்தாலே உங்களுக்கும் சந்தோஷம் தொற்றிவிடும், எனக்குத் தொற்றிவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் பேதுரு, அவருக்குப் பக்கத்தில் நான். எனக்கு மற்றப் பக்கம் ஓர் ஆள் இருக்க இடம் விடுகிறேன். நேரத்தோடு வாருங்கள். வரிசை எழும்ப முன்னம், அந்தச் சொல்லை என் காதுக்குள் சொல்லிவிடுங்கள்.